மார்கழியில் மலைக்குப் போகிறீர்களா?

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததோ இல்லையோ, வீட்டில் நச்சரிப்பு ஆரம்பமாகிவிடும். "ஊட்டிக்குப் போகலாம்" என்பது குழந்தைகளின் கட்சி. "இந்தக் குளிரிலா?" என்பது பாட்டியின் கட்சி. சித்திரை வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஓடியவர்கள் அந்தக் காலத்துப் பெரியவர்கள். குளிரை அனுபவிக்கவென்றே ஓடுகிறவர்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். கடைசியில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே பாட்டியைச் சமாதானப்படுத்திவிட்டுப் பெட்டியை எடுங்கள். ஆனால் மே மாதத்தில் கொண்டுபோன அதே பெட்டி போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பகல் உஷ்ணம் 20 டிகிரி வரை போகும். வெயில் அடித்தால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்தில் பல் கிட்டும். விடியற்காலையில் சில நாட்கள் பூஜ்யத்தைத் தொட்டுவிடும்; புல்தரையெல்லாம் உப்பைத் தூவினாற்போல் உறைபனி வெளுத்துக் கிடக்கும். ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இருப்பது போலத்தான். இதற்குத் தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட, மெல்லியதாக இரண்டு மூன்று உடுப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவதே சௌகரியம். வேண்டும்போது ஒன்றைக் கழற்றலாம். குழந்தைகள் ஓடியாடி வியர்த்தால் உள் பனியனை உடனே மாற்றிவிட வேண்டும். ஈரத் துணியைப் போல் உடம்புச் சூட்டைத் திருடுவது வேறில்லை. காலுறை மட்டும் கணக்குப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெயை வாயகன்ற டப்பியில் கொண்டு போங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். குறுகிய வாயுள்ள புட்டியில் கொண்டுபோய், அதைத் தட்டித் தட்டிக் கை வலித்தவர்களை எனக்குத் தெரியும்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்ற விதி 2024 மே மாதத்தில் வந்தது. கிளம்புமுன் அப்போதைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை. வீட்டு எவர்சில்வர் கூஜாவுக்கு மறுபடியும் யோகம்!

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் பாதிப் பேருக்குத் தலையைச் சுற்றும். வெறும் வயிறும் கூடாது, பூரியும் கிழங்குமாக நிரப்பவும் கூடாது. இரண்டு இட்டிலி போதும். தலைசுற்றுகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும். குனிந்து கைப்பேசியைப் பார்த்தால் வந்தது வினை. வாந்திக்கு மாத்திரை போடுவதானால் வண்டி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு டாக்டர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும்.

மேலே போனதும் தாகமே எடுக்காது. அதை நம்பாதீர்கள். வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே ஈரம் போய்க்கொண்டிருக்கும். பெரியவர்கள், இரவில் குளியலறைப் பக்கம் போகப் பயந்துகொண்டே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். தலைவலியும் மலச்சிக்கலும் அப்படித்தான் வருகின்றன. வெந்நீராகவே கொடுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால் தளதளவென்று கொதி வந்த பின் மூன்று நிமிஷம் விட்டு இறக்குவது நல்லது. பாத்திரத்தில் வைத்த பருப்பு வேகவில்லையே என்று அலுத்துக்கொள்வதிலும் பயனில்லை, குக்கர்தான் கதி.

இதெல்லாம் சில்லறை விஷயம். உயிரைத் தொடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது.

இரவு எட்டு மணி. அறை ஜில்லென்றிருக்கிறது. குழந்தை நடுங்குகிறது. "கொஞ்சம் கரி போட்டுக் கணப்பு வைத்துத் தரட்டுமா அம்மா?" என்று விடுதிப் பையன் அன்போடு கேட்கிறான். நமக்கும் குமுட்டி அடுப்பு புதிதல்ல. பிள்ளைக்குச் சாம்பிராணி போட்ட கைதானே? ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகி, கணப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்துவிடுகிறோம்.

இதைப் போல் ஆபத்தான காரியம் கிடையாது. கனிந்த கரியில் புகை இல்லை என்று நாம் தைரியமாக இருக்கிறோம். அதிலிருந்து வருவது கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண் எரிச்சலும் கிடையாது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்க வேண்டியது. ஆனால் இந்த வாயு அதனுடன் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். உடம்பு பிராணவாயு இல்லாமல் தவிக்கும். தூங்குகிறவர் மூச்சுத் திணறி விழித்துக்கொள்வார் என்று நினைக்க வேண்டாம். அவர் எழுந்திருக்கவே மாட்டார். மலையூர்களில் இவ்விதம் குடும்பத்தோடு மாண்டவர்களைப் பற்றிக் குளிர்காலத்தில் பத்திரிகையில் படித்துவிட்டு, 'ஐயோ பாவம்' என்று நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

முதல் அடையாளங்கள் தலைவலி, மயக்கம், குமட்டல். மலைப்பாதையில் வந்த அசதி, அல்லது மத்தியான ஹோட்டல் குருமாவின் கைங்கரியம் என்று தோன்றும். ஆனால் அறையிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் சந்தேகப்படுங்கள். யோசிக்காமல் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே அழைத்துப் போய் 108-க்குப் போன் செய்யுங்கள். கூடாரத்திலும் இதே கதைதான். வெளியே கறி சுட்ட அடுப்பை 'இன்னும் சூடு இருக்கிறதே' என்று உள்ளே இழுத்துவிடாதீர்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிகிற கேஸ் கீஸரும் இந்த வாயுவைத் தரக்கூடியதே.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது? ரப்பர் வெந்நீர்ப் பை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். படுப்பதற்கு அரை மணி முன்னால் துண்டில் சுற்றிக் கம்பளிக்குள் வைத்தால் படுக்கை கதகதப்பாகிவிடும். கைக்குழந்தையின் படுக்கையிலிருந்து அதை எடுத்துவிட்டுத்தான் குழந்தையைப் போட வேண்டும். கம்பளியால் முகத்தை மூடவும் கூடாது. மின்சார ஹீட்டர் இருந்தால் நல்லது. படுக்கையிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள், அதன் மேல் குழந்தையின் உடுப்பைக் காயப்போடாதீர்கள், தூங்குமுன் அணைத்துவிடுங்கள். கணப்பு வேண்டுமென்றால் வெளி முற்றத்தில் சுற்றி உட்கார்ந்து கதை பேசுங்கள். அந்தச் சுகமே தனி.

"ஒரு அவுன்ஸ் பிராந்தி குளிருக்கு மருந்து" என்று கண்ணடிக்கும் மாமாக்களுக்கும் ஒரு வார்த்தை. அது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்து உடம்பின் சூட்டை வெளியே விட்டுவிடும். முகம் சூடாவது உண்மை, உள்ளே குளிர்வதும் உண்மை. சுக்குக் காப்பி குடிக்கட்டும்.

இரத்த அழுத்தமும் இருதய நோயும் உள்ளவர்கள் வெயில் வந்த பிறகு நடக்கப் போனால் போதும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலர் பெட்டியடியில் இருக்கக் கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும்.

இறங்கும்போது காது அடைத்துக் கைக்குழந்தை வீறிட்டால் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது விடும். வீடு வந்ததும் கம்பளிகளை அப்படியே பெட்டியில் திணிக்காமல் ஒரு நாள் வெயில் காட்டி எடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் பூச்சி அரித்த ஸ்வெட்டரைப் பார்த்துப் பாட்டி மறுபடியும் கட்சி சேர்க்க இடம் கொடுக்க வேண்டாம்.