டி செல்லுக்கு இரண்டு சாவி

ரத்தத்தில் சுற்றும் நோயெதிர்ப்புச் செல்லான டி செல், எதிரியை இனங்கண்டதும் பாய்ந்துவிடும் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை. இன்னொரு ஒப்புதலும் வேண்டும். டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாவி, வங்கியின் சாவி இரண்டும் போட்டால்தான் திறக்கும். டி செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிப் புரதம் கிருமியின் துணுக்கைத் தொட்டறிவது முதல் சாவி. அந்தத் துணுக்கை ஏந்திக் காட்டும் செல்லின் மேல் பி7 என்றொரு புரதம் உண்டு. டி செல்லின் சிடி28 என்ற புரதம் அதைப் பற்றுவது இரண்டாவது. கிருமி புகுந்த இடத்தில்தான் பி7 பெருகும். ஆகவே நம் சொந்தத் திசுவை டி செல் தவறுதலாகக் குறிவைத்தாலும், இரண்டாவது சாவி கிடைக்காமல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முதல் சாவி இல்லாமலே சிடி28ஐ முடுக்கினால்? 2006 மார்ச்சில் லண்டனில் அது நடந்தது. டிஜிஎன்1412 என்ற பரிசோதனை மருந்து ஆரோக்கியமான ஆறு பேருக்குச் செலுத்தப்பட்டது. குரங்குகள் தாங்கிய அளவில் 500இல் ஒரு பங்குதான். மறுநாளுக்குள் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தடுமாறின. நல்லவேளை, அனைவரும் பிழைத்தார்கள்.

சரி, முறையாகக் கிளம்பிய டி செல்லை யார் நிறுத்துவது? அதுவேதான். வேலை தொடங்கியபின், உள்ளே வைத்திருக்கும் சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தை மேற்பரப்புக்கு அனுப்பும். அதுவும் பி7ஐத்தான் பிடிக்கும், சிடி28ஐவிடப் பல மடங்கு இறுக்கமாக. சிடி28க்குப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறந்த எலிகள் மூன்று நான்கு வாரங்களில் இறந்தன. பெருகிய டி செல்கள் இதயத்தையும் கணையத்தையும் தாக்கியிருந்தன.

இந்தத் தடை புற்றுநோய்க்கும் சாதகமாகிவிடுகிறதே என்று யோசித்தார் ஆய்வாளர் ஜேம்ஸ் ஆலிசன். 1996இல் அவர் குழு சிடிஎல்ஏ-4ஐ மறித்தபோது எலிகளின் கட்டிகள் கரைந்தன. 2011இல் அந்த வழியில் இபிலிமுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜப்பானில் தசுகு ஹோஞ்சோ குழு 1992இல் கண்டறிந்த பிடி-1 இன்னொரு தடைப் புரதம். 2018 நோபல் இருவருக்கும் கிடைத்தது.

தடையை விலக்கினால் டி செல் புற்றுநோயோடு நிற்காது. குடல், தைராய்டு என்றும் திரும்பலாம். அதனால் இபிலிமுமாப் போன்ற மருந்து எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், ஓட்டல் சாப்பாட்டின் மேல் பழிபோட்டுவிட்டு இருக்கக் கூடாது. அன்றே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.