தேனுக்கு ஓர் இளஞ்சூட்டுப் பெட்டி

மார்த்தாண்டம் பக்கம் தை, மாசி, பங்குனியில் எடுப்பது பெரும்பாலும் ரப்பர் தேன். மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, பூவில் அல்ல, இலைக்காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கிறது. தேனீ சேர்ப்பது அதைத்தான். இந்தத் தேன் சீக்கிரம் உறையும். வெளுத்துக் கட்டியான வாளியைப் பார்த்ததும், சீனிப்பாகு கலந்திருக்கிறார்கள் என்று வாங்க வந்தவர் திரும்பிவிடுகிறார். கலப்படமே இல்லாத தேனும் உறையும். குளுக்கோஸ் முழுவதையும் கரைத்து வைக்க அதில் தண்ணீர் போதாது. மிஞ்சியது படிகமாகப் பிரிகிறது, அவ்வளவுதான். இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாமல், வாளியை அடுப்பில் கொதிக்கும் அண்டாவுக்குள் இறக்கிவிடுகிறார்கள். அதை நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தேன் சூடேறினால் ஹெச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை இருக்கலாம். வெப்பநாட்டுத் தேனுக்கு 80. தேனில் அது கிலோவுக்கு 30 மில்லிகிராம் சேர, 40 டிகிரி செல்சியஸில் 20 முதல் 50 நாள் ஆகும். 60 டிகிரியில் ஒன்றிலிருந்து இரண்டரை நாள். 70 டிகிரியிலோ 5 மணி நேரமே போதும், மிஞ்சினால் 14. தேன் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், அண்டாவில் வாளியின் ஓரம் வெந்துகொண்டிருக்கும்போது நடுவில் கட்டி அப்படியே கிடக்கும். நொதிகள் சிதைகின்றன, மணமும் போய்விடுகிறது. கூட்டுக்குள் புழுக்கள் வளரும் இடத்தைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் வைத்திருக்கின்றன. நாமும் அதற்குச் சற்று மேலே, 40 டிகிரியைத் தாண்டாமல் நின்றுகொள்ளலாம்.

இப்படி இளஞ்சூட்டில் தேனை வைக்கும் பெட்டிக்குப் பழைய இரும்புக் கடையில் கிடக்கும் ஓடாத ஃபிரிட்ஜ் போதும். குளிரை உள்ளே காத்த சுவர் சூட்டையும் காக்கும். கதவும் இறுக மூடும். பின்னாலுள்ள குழாய்களை மட்டும் வெட்டாதீர்கள், துளையும் போடாதீர்கள். சில ஃபிரிட்ஜ்களில் தீப்பற்றும் வாயு இருக்கிறது. பழைய மின்கம்பிகளைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வடியும் துளை வழியாகப் புது ஒயரை உள்ளே கொண்டுவரலாம். எர்த் கட்டாயம் வேண்டும். இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

அடியில் ஒரு டைல்ஸ் துண்டு வைத்து, அதன்மேல் 40 வாட் குண்டு பல்புகள் இரண்டு. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, அதில் சூடு போதாது. பல்பு பிளாஸ்டிக் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. வெளிச்சமும் தேனின் நொதி ஒன்றைக் கெடுக்கும் என்பதால், துளையிட்ட தகர டப்பாவை மேலே கவிழ்க்கிறோம். அதற்கு மேல் வாளியின் கனம் தாங்கும் இரும்புக் கிராதி.

கோழிமுட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு விற்கிறார்களே, அந்த டெம்பரேச்சர் கன்ட்ரோலர்தான் பெட்டியின் உயிர். அதன் சென்சாரை வாளியின் நடு உயரத்தில் தொங்கவிட்டு 40-இல் வையுங்கள். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றும் உள்ளே சுற்றட்டும். இல்லையென்றால் சூடு மேலேயே தங்கிவிடும், அடித் தேன் இளகாது. முதல் தடவை ஓட்டும்போது தனியாக ஒரு தெர்மாமீட்டரை மேலும் கீழும் மாற்றி வைத்துப் பார்ப்பது அவசியம். கன்ட்ரோலர் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

25 கிலோ வாளி முழுதும் இளக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பல்புகள் அணையாமல் எரிந்தாலும் நாளுக்குச் சுமார் 2 யூனிட்தான். தேன் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் வாளி மூடியை இறுக்கி வையுங்கள். இடையில் ஒருமுறை கிளறிவிட்டால் சீக்கிரம் இளகும். தெளிந்ததும் எடுத்துவிட வேண்டும். பெட்டியிலேயே கிடக்கட்டும் என்று விடக் கூடாது.

உறைந்த தேனை மாதக்கணக்கில் போட்டு வைக்கவும் வேண்டாம். குளுக்கோஸ் பிரிந்த பிறகு மிஞ்சும் திரவத்தில் தண்ணீர் கூடுதல். ஈஸ்ட் அங்கேதான் பெருகும். நம் இந்தியத் தேனீயின் தேனில் இயல்பிலேயே ஈரம் அதிகம். மூடியைத் திறந்ததும் நுரையும் புளித்த வாடையும் வந்தால், எந்தப் பெட்டியாலும் அதைத் திருத்த முடியாது. அந்த வாளியை நல்ல தேனோடு கலக்காமல் தனியே ஒதுக்கிவிடுங்கள்.