மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு

கோரை மண்டிய நிலத்தில் களை எடுத்தவர்களுக்கு இந்தச் சலிப்பு பழக்கமானது. காலையில் களைக்கொத்தோடு இறங்கி, பொழுது சாய்வதற்குள் நிலத்தைத் துடைத்துவைத்தது போல ஆக்கிவிடலாம். ஒரு மழை போதும், சில நாட்களிலேயே ஊசி ஊசியாக மறுபடி தலைகாட்டும். மேலே இருந்த புல்லை எடுத்ததில் குறையே இல்லை. மண்ணுக்குள் நிலக்கடலை அளவில், கறுப்பாகக் கிடக்கும் கிழங்குதான் கைக்கு அகப்படவில்லை.

"கட்டியை எடுத்தாச்சு, கீமோவும் குடுத்தாச்சு, ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க. அப்புறம் எப்படி டாக்டர் திரும்ப வந்துச்சு?" புற்றுநோய் வார்டுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. இதற்கு அறிவியல் தேடிய பதில்களில் முக்கியமான ஒன்று ஸ்டெம் செல்லில் இருக்கிறது.

நம் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஆனால் ஒரு சிவப்பணுவால் இன்னொரு சிவப்பணுவை உருவாக்க முடியாது. அதற்கென்று எலும்பு மஜ்ஜையில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பிரியும்போது தங்களைப் போலவே இன்னொன்றை மிச்சம் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் செல்களையும் உண்டாக்குகின்றன. தமிழில் இதற்குக் குருத்தணு என்று ஒரு பெயர் உண்டு. எத்தனை இலை அறுத்தாலும் வாழை நடுவிலிருந்து குருத்து விட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

இப்படி ஒரு செல் இருக்கிறது என்பதைக் கனடாவின் டொரான்டோ நகரில் இருவர் நிறுவினார்கள். எர்னஸ்ட் மெக்கல்லா மருத்துவர், ஜேம்ஸ் டில் இயற்பியலாளர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு, வேறு எலிகளின் மஜ்ஜைச் செல்களை ஊசிமூலம் செலுத்தினார்கள். சுமார் பத்து நாள் கழித்து அறுத்துப் பார்த்தபோது மண்ணீரலின் மேல் சிறு சிறு முண்டுகள் தெரிந்தன. செலுத்திய செல்கள் கூடக்கூட முண்டுகளின் எண்ணிக்கையும் அதே கணக்கில் கூடியது. இதை அவர்கள் 1961-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முண்டும் ஒரே ஒரு செல்லின் வம்சம் என்பதை 1963-இல் உறுதி செய்தார்கள்.

வம்சத்தைப் பெருக்கும் செல் கெட்டுப்போனால் என்ன ஆகும்? இதை மிகத் தெளிவாகக் காட்டியது குடல்.

சிறுகுடலின் உட்சுவர் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத குழிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. எலியின் குடலில் அப்படிப்பட்ட ஒரு குழியின் அடியில் ஒல்லியாகச் சுமார் 15 ஸ்டெம் செல்கள் மற்ற செல்களுக்கு நடுவே இடுங்கி நிற்கின்றன. கிட்டத்தட்ட நாளுக்கு ஒருமுறை அவை பிரிகின்றன. பிறக்கும் புதிய செல்கள் வரிசையாக மேலேறி, உணவை உறிஞ்சும் வேலையைப் பார்த்து, நான்கைந்து நாளில் விளிம்பிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. கீழே இருப்பவை மட்டும் நிலையாகத் தங்குகின்றன.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ், நிக் பார்க்கர் ஆகியோரின் குழு, எல்ஜிஆர்5 என்ற அடையாளத்தை வைத்து இந்த அடிமட்டச் செல்களை 2007-இல் கண்டுபிடித்தது. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் பழுதாகும் மரபணு ஏபிசி. 2009-இல் அவர்கள் அந்த மரபணுவை எலிகளின் ஸ்டெம் செல்களில் மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே குடல் முழுக்கக் கட்டிகள் வளர்ந்தன. அதே மரபணுவை மேலேறும் குறுகிய ஆயுள் செல்களில் நீக்கியபோது, உண்டான சிறு கட்டிகள் பெரும்பாலும் மேற்கொண்டு வளராமல் நின்றுபோயின. ஐந்து நாளில் உதிர்ந்துபோகும் செல் தன் பழுதையும் கொண்டுபோய்விடுகிறது. வருடக்கணக்கில் தங்கும் செல்லோ ஒன்றன்மேல் ஒன்றாகப் பழுதுகளைச் சேர்க்கிறது. புற்றுநோய்க்கு ஒரு பழுது போதாது, பல வேண்டும். அத்தனையும் சேரும்வரை உயிரோடு இருக்கும் செல்லில்தான் ஆபத்து அதிகம்.

2015-இல் கிறிஸ்டியன் டொமாசெட்டி, பெர்ட் வோகல்ஸ்டைன் இருவரும் 31 வகைத் திசுக்களின் கணக்கைப் போட்டார்கள். ஆயுள் முழுவதும் ஸ்டெம் செல்கள் எத்தனை முறை பிரிகின்றனவோ, அதையொட்டியே அந்தத் திசுவின் புற்றுநோய் வாய்ப்பும் ஏறி இறங்கியது. பத்திரிகைகள் இதை 'பெரும்பாலான புற்றுநோய்க்குத் துரதிர்ஷ்டமே காரணம்' என்று சுருக்கிவிட்டன. அது தவறான வாசிப்பு. திசுக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைத்தான் அந்தக் கணக்கு பேசுகிறது. புகையிலையை வாயில் அடக்குபவருக்கு அது எந்த மன்னிப்பும் வழங்கவில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நல்ல ஸ்டெம் செல் கெட்டு நோய் தொடங்குவது ஒன்று. வளர்ந்துவிட்ட கட்டிக்குள்ளேயே சில செல்கள் ஸ்டெம் செல்லைப் போல நடந்துகொள்வது இன்னொன்று. புற்று ஸ்டெம் செல் என்று ஆய்வாளர்கள் சொல்வது இரண்டாவதைத்தான். இதுவும் டொரான்டோவில்தான் வெளிப்பட்டது. 1994-இல் ஜான் டிக்கின் குழு, ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களை எதிர்ப்புச் சக்தியற்ற எலிகளுக்குள் செலுத்தியது. நோயைப் புதிதாகத் தொடங்கிவைத்தது சுமார் இரண்டரை லட்சம் செல்களில் ஒன்றுதான். 2003-இல் மிச்சிகனில் மைக்கேல் கிளார்க்கின் குழு மார்பகப் புற்றுநோயிலும் இதையே கண்டது. தேர்ந்தெடுத்த நூறு செல்கள் கட்டியை எழுப்பின, மற்றவற்றில் பல்லாயிரம் செலுத்தியும் எழவில்லை. கோரையும் கிழங்கும் கண்முன் நின்றன. பல கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத்தான் குறிவைக்கின்றன. மெதுவாகப் பிரிந்தபடி ஒதுங்கிக் கிடப்பவை தப்பிவிடலாம்.

ஆனால் எல்லாப் புற்றுநோயும் இந்த உவமைக்கு அடங்கவில்லை. மெலனோமா என்ற தோல் புற்றுநோயை 2008-இல் ஷான் மாரிசன் குழு எதிர்ப்புச் சக்தி இன்னும் பலவீனமான எலிகளில் சோதித்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு செல் கட்டியை உண்டாக்கியது. லட்சத்தில் ஒன்று என்பது அந்த நோய்க்குச் செல்லாது. இதைவிடப் பெரிய அதிர்ச்சி 2017-இல் வந்தது. ஜப்பானில் டோஷிரோ சாட்டோவின் குழு, மனிதப் பெருங்குடல் புற்றுநோயை எலியில் வளர்த்து, எல்ஜிஆர்5 செல்களை மட்டும் தேர்ந்து கொன்றது. கட்டி சுருங்கியது. பிறகு மீண்டும் வளர்ந்தது. மிச்சமிருந்த சாதாரணப் புற்று செல்கள் தாமே எல்ஜிஆர்5 செல்களாக மாறிக்கொண்டன. அறுத்துப்போட்ட புல்லே கிழங்காக மாறினால் களை எடுப்பவர் என்ன செய்வார்? இன்றைய ஆராய்ச்சி திணறுவது இந்த இடத்தில்தான்.

கிழங்கின் கதை ஓரளவு பொருந்தி, மருத்துவத்தில் பலனும் தந்த நோய் நாட்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய். மஜ்ஜையின் ஒரு ஸ்டெம் செல்லில் 9, 22 ஆகிய குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதில் அது தொடங்குகிறது. அதனால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதத்தை முடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. அந்த மறுப்பை 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்திய நிறுவனங்கள் விலை குறைந்த இமாட்டினிப்பைத் தயாரிப்பதற்கு இருந்த பெரிய தடை அத்துடன் நீங்கியது. ஏழை நோயாளிகளுக்கு அந்தத் தீர்ப்பு உயிர் கொடுத்தது என்றால் மிகையாகாது.

மாத்திரை நோயின் செல்களை ரத்தத்திலிருந்து துடைத்துவிடுகிறது. ஆனால் மஜ்ஜையில் இருக்கும் புற்று ஸ்டெம் செல்கள் உயிர்வாழ அந்தப் புரதத்தை நம்பியிருப்பதில்லை. ஆகவே மருந்தின் நடுவிலேயே அவை பிழைத்துக் கிடக்கின்றன. பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சோதனையில் நோயின் தடயமே தெரியாமல் இருந்தவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தினார்கள். ஓராண்டு கழித்து நூற்றுக்கு 41 பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே திரும்பிவிட்டது. அவர்களுக்கு மறுபடி மருந்து கொடுத்ததும் நோய் கட்டுப்பட்டது.

இந்த மாத்திரை சாப்பிடுபவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாகிவிட்டது, உடம்பு தெம்பாக இருக்கிறது என்று தானாக மருந்தை நிறுத்த வேண்டாம். பிசிஆர்-ஏபிஎல் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் செய்துகொள்ளட்டும். நிறுத்தலாமா என்பதை அந்த அளவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.