நிக்கோபார்க் களிப்பாறையும் அதனுள் உறையும் கடலுயிர்களும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் என்றதும் அடர்ந்த காடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நிக்கோபாரின் நடுத்தொகுதியிலுள்ள கமோர்ட்டாத் தீவின் குன்றுகளில் ஏறி நோக்குவோர்க்குப் பரந்த புல்வெளிகளே காட்சியளிக்கின்றன. கரையோரப் பவள மணலில் தென்னை செழிக்கிறது. பள்ளத்தாக்குகளில் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. குன்றின் முதுகிலோ புல்லைத் தவிர வேறொன்றும் மிகுதியாக இல்லை. மழைக் குறைவு இதற்குக் காரணமன்று. மூன்றிடங்களுக்கும் பெய்வது ஒரே பருவமழைதான். 1858-ஆம் ஆண்டில் 'நோவாரா' என்னும் ஆஸ்திரியக் கப்பலில் இங்கு வந்த ஹோக்ஸ்டெட்டர் என்ற நிலநூல் அறிஞர் இவ்வேற்றுமையைக் கூர்ந்து நோக்கினார். நிக்கோபாரில் தாவரங்களின் போக்கு அடியிலுள்ள பாறையின் தன்மையை ஒட்டியே அமைந்துள்ளது என்பது அவர் கண்ட முடிபு. மனிதர் புல்லுக்குத் தீயிடுவதும் ஓரளவு காரணமாகலாம். எனினும் அப்பாறையே நம் கவனத்துக்கு முதலில் உரியது.

அது வெளிறிய நிறமுடைய களிப்பாறை. சில அடுக்குகள் ஏடு ஏடாகப் பிளவுபடும்; அவற்றை ஆங்கில நூல்கள் ஷேல் எனக் குறிக்கும். ஏடாகப் பிரியாமல் கட்டியாக உடைவதை வேறு பெயரிட்டு அழைப்பர். தமிழில் இரண்டையும் களிப்பாறை என்றே இங்குக் கூறுகிறோம். கல் உடையும் விதத்தைக் கொண்டு பெயர் வேறுபடுத்துவது நிலநூலாருக்குப் பயன்படுமேயன்றி, நம் பொருளுக்கு இன்றியமையாததன்று. இவ்வடுக்குகளுள் சில கையிலெடுத்தால் கல்லென்று நம்ப இயலாதவாறு இலேசானவை. உலர்ந்த துண்டை நாவில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கல்லுக்குள் எண்ணற்ற நுண்ணிய வெற்றிடங்கள் இருப்பதே இதற்குக் காரணம். அவ்வெற்றிடங்கள் எங்ஙனம் உண்டாயின என்பதற்கு விடை கண்டவர் இத்தீவுகளை ஒருமுறையேனும் காணாத ஒருவர்.

டென்மார்க் நாட்டின் 'கலாத்தியா' கப்பல் 1845 முதல் 1847 வரை உலகை வலம் வந்தது. அதில் சென்ற ஹின்ரிக் ரிங்க் என்ற நிலநூலார் 1846-இல் நிக்கோபாரில் தங்கிப் பாறைகளைத் திரட்டினார். அவற்றுட் சில பெர்லின் நகரிலிருந்த எரன்பெர்க் என்னும் பேராசிரியரிடம் சென்றன. நுண்பெருக்காடியின் கீழ் உலகின் பல மண்வகைகளையும் ஆராய்ந்து வந்தவர் அவர். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோஸின் மண்ணில் தாம் முன்பு கண்ட உயிர்களின் கூடுகளை ஒத்தவை நிக்கோபார் மண்ணிலும் நிறைந்திருப்பதை அவர் கண்டார். உலகின் இருவேறு மூலைகளில் உள்ள தீவுகள். மண் ஒன்றே போன்றது!

அக்கூடுகளுக்கு உரியவை ரேடியோலேரியா எனப்படும் ஓரணு உயிர்கள். கடல்நீரில் கரைந்துள்ள சிலிகாவை ஈர்த்துத் தமக்குக் கூடு கட்டிக்கொள்பவை. கண்ணாடியால் இழைத்தாற்போன்ற அக்கூடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஒன்று மணி போலவும், ஒன்று மீன்பிடிக்கும் கூடை போலவும், மற்றொன்று பந்துக்குள் பந்தாகவும் அமைந்திருக்கும். எல்லாவற்றிலும் வரிசை பிறழாத துளைகள். களிப்பாறையின் இலேசான எடைக்கு இத்துளைகளே காரணம். இவற்றோடு டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிகாக் கூடுகளும் கலந்துள்ளன.

உயிர் நீங்கியபின் இக்கூடுகள் கடலடியில் மழைபோல் வீழ்ந்து சேறாகப் படிகின்றன. இத்தகைய சேறு பெருங்கடல்களின் அடியில் எத்துணைப் பரப்பில் கிடக்கிறது என்பது 1872 முதல் 1876 வரை நடைபெற்ற 'சாலஞ்சர்' கப்பலின் ஆய்வுக்குப் பின்னரே தெளிவாயிற்று. அக்கப்பல் கொணர்ந்த சேற்றைக் கொண்டு ஹெக்கல் 1887-இல் வெளியிட்ட நூலில் 4,000-க்கும் மேற்பட்ட ரேடியோலேரியா இனங்கள் விவரிக்கப்பட்டன. இன்று நீருக்கடியில் படிந்துகொண்டிருக்கும் அதே வகைச் சேறு, கமோர்ட்டாவில் குன்றாக நிற்கிறது என்பதே இங்கு வியத்தற்குரியது.

அக்குன்று எவ்வளவு ஆழத்திலிருந்து எழுந்தது? இக்கேள்விக்கு ரேடியோலேரியாவை மட்டும் கொண்டு விடையளிப்பது பிழையாகும். அவை நீரில் மிதந்து வாழ்பவை. எந்த ஆழத்திலும் வீழ்ந்து படியக்கூடியவை. ஆழத்தை அறிவிப்பவை பொராமினிபெரா என்ற வேறோர் இனம். சுண்ணாம்புக் கூடுடைய இவ்வினத்தில் மிதப்பவையும் உண்டு, கடலின் அடித்தளத்திலேயே வாழ்பவையும் உண்டு. அடித்தள இனங்கள் ஒவ்வொன்றும் தனக்கு ஏற்ற ஆழத்தில்தான் வாழும். மிதப்பவை மிகுந்து அடித்தளவாசிகள் அருகியிருப்பின், அம்மண் கரைக்கு அப்பால் ஆழமான இடத்தில் படிந்தது என்று கொள்வர். மிகுந்த ஆழத்தில், அதாவது 4,000 மீட்டரையும் கடந்த பெருங்கடற் பகுதிகளில், சுண்ணாம்புக் கூடுகள் கரைந்துபோக, சிலிகாவும் களிமண்ணுமே எஞ்சும்.

ஆராயும் முறை எளியது, பொறுமை மட்டும் வேண்டும். பாறைத் துண்டை நீரில் ஊறவைத்துக் குழைத்து, 0.063 மில்லிமீட்டர் கண்ணுடைய சல்லடையில் கழுவுவர். களி ஓடிவிடும், கூடுகள் தங்கும். ஈரத் தூரிகையின் நுனியால் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணுவர்.

காலத்தை அறியவும் இக்கூடுகளே துணை. மிதக்கும் பொராமினிபெரா விரைவில் உருமாறி, கடல்நீரோட்டத்தில் நெடுந்தூரம் பரவுபவை. ஆர்புலினா என்ற இனத்தில் இறுதியில் தோன்றும் அறை, முந்தைய அறைகளையெல்லாம் தன்னுள் அடக்கிக்கொண்டு முழு உருண்டையாக அமைகிறது. இவ்வுருவம் உலகில் தோன்றியது ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே இவ்வுருண்டை காணப்படும் அடுக்கு அதற்கும் முற்பட்டதாக இருக்கமுடியாது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். சீனிவாசன் அந்தமான், நிக்கோபார் அடுக்குகளை இவ்வகையில் விரிவாக ஆராய்ந்தவர். கார் நிக்கோபாரின் சவாய் விரிகுடாவை ஒட்டிய செங்குத்துக் கரையில் தோன்றும் களிப்பாறை அவ்வாராய்ச்சியில் பெயர்பெற்ற இடம். அவரும் அமெரிக்க அறிஞர் கென்னட்டும் 1983-இல் வெளியிட்ட பொராமினிபெரா படத்தொகுப்பு, எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் உட்படப் பல நாட்டாராலும் பயன்படுத்தப்பட்டு வருகிறது.

இக்களிப்பாறைக்குக் கீழே மேலும் பழைய அடுக்குகள் உள்ளன. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில், மணற்கல்லும் ஷேலும் மாறி மாறி அடுக்கிய சுவர்போல் நிற்பதைக் காணலாம். கடலடிச் சரிவுகளில் மணலும் சேறும் கலங்கிப் பாய்ந்து படிந்தவை அவை. தொல்லுயிர்ச் சுவடுகள் அவற்றில் அரிது. வேகமாகப் பாயும் சேற்றில் மென்மையான கூடுகள் தங்குவதில்லை. 1885-இல் ஓல்டாம் இப்பழைய அடுக்குகளையும் மேலுள்ள இளைய அடுக்குகளையும் இருவேறு வரிசைகளாகப் பிரித்து எழுதினார். 1911-இல் டிப்பரும் 1926-இல் ஜீயும் அதனை விரித்துரைத்தனர்.

எழுச்சிக்குக் காரணம் இத்தீவுகளின் மேற்கே கடலடியில் இருக்கிறது. அங்கே இந்தியத் தட்டு கிழக்குத் தட்டின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நுழையும்போது மேலிருந்த படிவுகள் சுரண்டப்பட்டு, மடிந்து, மேலே நெருக்கப்பட்டன. இவ்வியக்கம் இன்னும் ஓயவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, உயிருள்ள பவளப் பாறைகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. தெற்கில் பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையோ நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடி கடலுள் அமிழ்ந்தது. கமோர்ட்டாவும் நன்கௌரியும் தாழ்ந்தவற்றுள் சேர்ந்தவை. அருகிலுள்ள டிரிங்கெட் தீவு கடல் புகுந்து பிளவுபட்டது. பல லட்சம் ஆண்டுகளில் எழுந்த நிலம் சில நிமிடங்களில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது எனலாம்.

அதன் விளைவு மக்களைத் தொட்டது. நிக்கோபாரியர் தொன்றுதொட்டு வாழ்ந்தது பவள மணற்கரையில், தென்னைகளுக்கிடையே. அக்கரையை இழந்தவர்களுக்கு மேட்டுநிலங்களில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. கமோர்ட்டாவில் மேட்டுநிலம் என்பது பெரிதும் இக்களிப்பாறையே. பவளச் சுண்ணாம்புக்கல் மழைநீரை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். அதில் தோண்டிய ஆழமற்ற கிணறும் நன்னீர் தரும். களிப்பாறையோ துளைகள் நிறைந்ததாயினும், அத்துளைகள் மிக நுண்ணியவையாதலால் நீரை எளிதில் விடுவதில்லை. மழை மேலோடு வழிந்து கடலைச் சேர்கிறது. அங்கே கிணற்றைவிட ஊற்றுகளைக் காப்பதும், கூரைநீரைத் தொட்டிகளில் சேர்ப்பதுமே பயன் தரும்.