முற்போக்கு ராக், ஜாஸ் ஃபியூஷன் இசைத்தட்டுகளில் நாகசுரம்

காவிரிப் படுகையின் கோயில் இசைக்கருவியான நாகசுரம், 1970களில் ஐரோப்பாவில் வெளிவந்த சில முற்போக்கு ராக், ஜாஸ் ஃபியூஷன் இசைத்தட்டுகளில் இடம்பெற்றுள்ளது. அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ (1923–2009) இவற்றில் நாகசுரத்தை வாசித்தார். இவ்விசைத்தட்டுகள் பரவலாக அறியப்படாதவை. பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்போர் இவற்றை அறிவர். தமிழகத்தின் நாகசுர ரசிகர்களிடையே இவை பற்றிய பேச்சு குறைவு.

பின்னணி

முற்போக்கு ராக் 1960களின் இறுதியில் பிரிட்டனில் உருவாகி ஐரோப்பா முழுவதும் பரவிய இசைவகை. மூன்று நிமிடப் பாடல் என்ற வழக்கத்தை விட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுதும் நீளும் உருப்படிகள், மாறும் தாளக்கட்டுகள், செவ்வியல் இசையின் அமைப்பு முறைகள் ஆகியவற்றை இது கையாண்டது. ஜாஸ் ஃபியூஷன் அதே காலத்தில் ஜாஸ் கற்பனை வாசிப்பையும் மின்கிதார், மின்பியானோ போன்ற ராக் கருவிகளையும் இணைத்தது. ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் இவ்விரண்டுக்கும் இடையே தெளிவான எல்லை இருக்கவில்லை. ஒரே கலைஞர்கள் இரண்டிலும் வாசித்தனர்.

இக்கலைஞர்கள் பலர் இந்திய இசையின் பக்கம் திரும்பினர். அவர்களில் பெரும்பாலோர் சிதாரையும் தபலாவையுமே எடுத்துக்கொண்டனர். தென்னிந்திய இசையுடன் நேர்ந்த சந்திப்புகளில் மிகவும் புகழ்பெற்றது சக்தி குழு. கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா கலைஞர் ஜாகிர் உசேன், கடம் கலைஞர் டி. எச். விநாயகராம் ஆகியோர் சேர்ந்த அக்குழு 1976, 1977 ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டது. கடம் உலக மேடைக்கு வந்த கதை அதனால் பலருக்கும் தெரியும். நாகசுரம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ராக் குழு ஒன்றின் இசைத்தட்டில் பதிவாகிவிட்டது.

கருவி

நாகசுரம், நாதஸ்வரம் என்றும் வழங்கப்படும். மரத்தாலான உலவு, அடிப்பகுதியில் விரிந்த அணசு, மேலே பொருத்தப்படும் கெண்டை, அதன்மேல் செருகப்படும் சீவாளி ஆகியவை இதன் பாகங்கள். மேலுள்ள ஏழு துளைகள் விரல்களால் வாசிக்கப்படுபவை. கீழுள்ள ஐந்து துளைகளைத் தேவைக்கேற்ப மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வர். குட்டையான, உயர்ந்த சுருதி கொண்ட திமிரி, நீளமான, தாழ்ந்த சுருதி கொண்ட பாரி என இருவகை உண்டு. இன்று கச்சேரிகளில் பாரியே பெரிதும் வழங்குகிறது. அதை நிலைபெறச் செய்ததில் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) முதன்மையான பங்குண்டு.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள நரசிங்கம்பேட்டை நாகசுரம் செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர். ராஜரத்தினம் பிள்ளைக்காகச் சுத்த மத்தியமம் சரியாக ஒலிக்கும் பாரி நாகசுரத்தை உருவாக்கியவர் அவ்வூரின் ரங்கநாதன் ஆசாரி. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரமே உலவு கடைய ஏற்றது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆற்றங்கரைகளில் வளரும் கொறுக்கைத் தட்டையிலிருந்து சீவாளி செய்யும் தொழில் அருகிலுள்ள திருவாவடுதுறையில் நடந்துவருகிறது.

சார்லி மரியானோ

பாஸ்டன் நகரில் இத்தாலியக் குடும்பம் ஒன்றில் பிறந்த மரியானோ, ஆல்டோ சாக்சபோன் கலைஞராக ஸ்டான் கென்டன் இசைக்குழுவில் வாசித்துப் பெயர் பெற்றார். சார்லஸ் மிங்கஸ் 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டிலும் அவருடைய வாசிப்பு உண்டு. பாஸ்டனின் பெர்க்லி இசைப்பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார்.

1960களின் பிற்பகுதியில் வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சியளிக்க அவர் கோலாலம்பூர் சென்றார். அங்குதான் நாகசுரத்தைக் கேட்டார், கற்கவும் தொடங்கினார். மலேசியத் தமிழர்கள் தங்கள் கோயில்களோடு கோயில் இசையையும் அந்நாட்டில் பேணிவந்தனர். பின்னர் தென்னிந்தியாவுக்கும் வந்து தங்கிக் கற்றார். அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்தவர். ஜாஸ் உலகில் நிலைபெற்றவர். ஒற்றை நாணல் கொண்ட சாக்சபோனுக்குப் பழகிய வாயை இரட்டை நாணலான சீவாளிக்குப் பழக்குவது எளிதன்று. மூச்சின் அழுத்தமும் உதட்டின் பிடிப்பும் இரண்டிலும் வேறுபடும்.

1970களில் ஐரோப்பாவில் குடியேறிய மரியானோ, இறுதிவரை ஜெர்மனியின் கொலோன் நகரில் வாழ்ந்தார். முதிர்ந்த ஜாஸ் கலைஞரான அவர், தம்மினும் இளைய ராக் கலைஞர்களோடு தயக்கமின்றிச் சேர்ந்தார். நாகசுரம் முற்போக்கு ராக் இசைத்தட்டுகளை எட்டியது இந்தச் சேர்க்கையால்தான்.

முக்கிய இசைத்தட்டுகள்

வீ கீப் ஆன் (1973): எம்ப்ரியோ குழுவின் இசைத்தட்டு. 1969இல் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் புர்ச்சார்ட் முதலியோர் தொடங்கிய இக்குழு, ஜெர்மானிய ராக், ஜாஸ், ஆசிய, ஆப்பிரிக்க இசைகளைக் கலந்தது. இதில் மரியானோ சாக்சபோன், குழல், நாகசுரம் ஆகியவற்றை வாசித்தார். கிதார் கலைஞர் ரோமன் புங்கா துருக்கியக் கருவியான சாஸையும் வாசித்தார். இக்குழு 1978இல் பேருந்தில் தரைவழியே இந்தியாவுக்குப் புறப்பட்டது. அப்பயணம் வாகபுண்டன் கரவானே என்ற ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

டிரான்சிட்டரி (1974): யாஸ்பர் வான்ட் ஹோஃப், பிலிப் கேத்தரின், மரியானோ முதலியோரின் போர்க் பை குழுவினுடையது. இதில் புதுக்கோட்டை என்ற பெயரிலேயே ஓர் உருப்படி உள்ளது. தஞ்சாவூருக்குத் தெற்கே உள்ள ஊரின் பெயர் ஓர் ஐரோப்பிய ஃபியூஷன் இசைத்தட்டின் அட்டையில் இருப்பதைக் காணும் தமிழ் வாசகர் வியப்படையக்கூடும்.

யெல்லோ ஃபீல்ட்ஸ்: ஜெர்மானிய பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபர் 1975இல் பதிவுசெய்து, மியூனிக்கின் ஈசிஎம் நிறுவனம் வெளியிட்டது. மரியானோவின் கருவிகளாக சோப்ரானோ சாக்சபோன், ஷெனாய், நாகசுரம் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. வடக்கின் ஷெனாயும் தெற்கின் நாகசுரமும் ஒரே கலைஞரின் வாசிப்பில் ஒரே இசைத்தட்டில் இடம்பெறுவது அரிது. இரண்டின் நாதத்தையும் ஒப்பிட்டுக் கேட்க விரும்பும் மாணவர்களுக்கு இது ஏற்றது.

ஹெலன் டுவெல்வ் ட்ரீஸ் (1976): மரியானோவின் பெயரிலேயே எம்பிஎஸ் நிறுவனம் வெளியிட்டது. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் யான் ஹாமர், கிரீம் குழுவின் ஜாக் புரூஸ், சாஃப்ட் மெஷின் குழுவின் ஜான் மார்ஷல், போலந்து வயலின் கலைஞர் ஸ்பிக்னியெவ் சைஃபர்ட் ஆகியோர் உடன் வாசித்தனர். ஃபியூஷன், முற்போக்கு ராக் ஆகிய இரண்டின் முன்னணிக் கலைஞர்களோடு நாகசுரம் பதிவான அரிய நிகழ்வு இது.

இவை தவிர, அலெக்சாந்தர் பேரரசரின் வாழ்வைக் கருவாகக் கொண்டு நெதர்லாந்தின் சூப்பர்சிஸ்டர் குழு 1973இல் வெளியிட்ட இஸ்கந்தர் இசைத்தட்டிலும் மரியானோ குழு உறுப்பினராக வாசித்தார். பெங்களூரின் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவுடன் அவர் பதிவுசெய்த ஜோதி 1983இல் வெளிவந்தது. பாடகி ஆர். ஏ. ரமாமணி, மிருதங்கக் கலைஞர் டி. ஏ. எஸ். மணி ஆகியோர் அதில் பங்கேற்றனர். கர்நாடக இசைக் கலைஞர்கள் சமபங்கேற்பாளர்களாக இருந்த பதிவு என்பதால் அது இவ்வரிசையில் தனித்து நிற்கிறது.

இசைப் பொருத்தம்

நாகசுரம் ராக் இசையோடு சேர்ந்ததற்குச் சில காரணங்களைக் கூறலாம். முதலாவது ஓசை. தேரோடும் வீதியில், தவிலுக்கு இணையாகத் திறந்தவெளியில் ஒலிக்க உருவான கருவி இது. மின்கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே இதன் ஒலி அமிழ்வதில்லை. இரண்டாவது, ஆதார சுருதி. நாகசுரத்துக்கு ஒத்து தொடர்ந்து சுருதி பிடித்துத் தரும். 1960களின் ஜாஸ் அடிக்கடி மாறும் சுரக்கோவைகளை விட்டு, ஒரே சுரவரிசையில் நெடுநேரம் நிலைத்து வாசிக்கும் முறைக்கு வந்திருந்தது. ராக ஆலாபனையோடு அம்முறைக்கு ஓரளவு நெருக்கம் உண்டு. மூன்றாவது, சோப்ரானோ சாக்சபோனும் நாகசுரம்போல் கூம்பு வடிவத் துளை கொண்டது. அதை வாசிப்பவருக்கு நாகசுரத்தின் நாதம் முற்றிலும் அந்நியமாக இருக்காது.

பொருந்தாத இடங்களும் உண்டு. நாகசுரக் கலைஞர் துளையைப் பாதி மூடியும், மூச்சையும் சீவாளியின் மேல் உதட்டின் அழுத்தத்தையும் மாற்றியும் சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்கிறார். கமகம் அப்படித்தான் பிறக்கிறது. மின்பியானோவின் சுரங்களோ மாறாத இடைவெளியில் நிலைத்தவை. தவில் இல்லாததும் பெரிய குறையே. நாகசுரமும் தவிலும் இணைந்தே வளர்ந்தவை. தவிலின் சொற்கட்டுகளுக்கு மறுமொழியாக வரும் வாசிப்பு இவ்விசைத்தட்டுகளில் இல்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுப் பழகியவர்கள் மரியானோவின் வாசிப்பில் ராக இலக்கணத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவர் நாகசுரத்தின் நாதத்தைப் புதியதொரு குரலாக ஜாஸுக்குள் கொண்டுவந்தார். அந்த அளவில் கேட்பதே சரியான மதிப்பீட்டுக்கு உதவும்.

எதிர்த்திசைப் பயணம்

இதற்கு நேர் எதிரான பயணம் கத்ரி கோபால்நாத்துடையது (1949–2019). கர்நாடகத்தில் நாகசுரக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், சாக்சபோனைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டியோடு மேடையேறினார். அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் சேர்ந்து உருவாக்கிய கின்ஸ்மென் 2008இல் வெளிவந்தது. மரியானோ சாக்சபோனிலிருந்து நாகசுரத்துக்கு வந்தவர். கோபால்நாத் நாகசுர மரபிலிருந்து சாக்சபோனுக்குச் சென்றவர். இருவரின் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், கருவியோடு எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்பது விளங்கும்.

மறைவும் மீட்பும்

வீ கீப் ஆன் இசைத்தட்டை வெளியிட்ட பிஏஎஸ்எஃப் ஒரு வேதிப்பொருள் நிறுவனம். 1970களிலேயே இசைத்தட்டு வெளியீட்டை விட்டுவிட்டது. எம்பிஎஸ் நிறுவனத்தின் சேகரம் 1983இல் வேறொரு பெரிய நிறுவனத்துக்குக் கைமாறியது. இவ்வாறு உரிமை மாறும்போது, குறைவாக விற்ற இசைத்தட்டுகள் மறு அச்சுக்கு வராமல் போகும். பின்னர் குறுந்தகடு மறுவெளியீடுகளும் இணையமும் அவற்றில் பலவற்றை மீட்டன. ஈசிஎம் நிறுவனம் தன் சேகரத்தை 2017 நவம்பரில் இணைய ஒலித்தளங்களில் திறந்துவிட்டது.

இத்தகைய இசைத்தட்டுகளைத் தேடுவதற்குக் குழுவின் பெயரைவிட அட்டையின் பின்புறமுள்ள கலைஞர், கருவிப் பட்டியலே சிறந்த வழிகாட்டி. ஓர் இசைத்தட்டில் வாசித்த டிரம்ஸ் கலைஞரின் பெயரைப் பின்தொடர்ந்தால் அடுத்த இசைத்தட்டு கிடைக்கும். ஹெலன் டுவெல்வ் ட்ரீஸிலிருந்து சாஃப்ட் மெஷினுக்குச் செல்லலாம். கருவியின் பெயரை வைத்தும் தேடலாம். நாகசுரம், நாகஸ்வரம், நாதஸ்வரம் எனப் பல ஒலிப்புகளில் மேலைநாட்டு அட்டைகள் எழுதுவதால் எல்லா வடிவங்களையும் முயல வேண்டும். இணைய ஒலித்தளங்கள் பல கருவிப் பட்டியலைத் தருவதில்லை. அதனால் நாகசுரம் ஒலிக்கும் உருப்படியைக் கேட்பவர்கூட அதை ஓபோ என்றோ ஷெனாய் என்றோ கருதிவிடலாம். கோயில் திருவிழாக்களில் நாகசுரம் கேட்டு வளர்ந்த தஞ்சைப் பகுதி இளைஞர் ஒருவருக்கு அந்த ஐயம் எழாது. எழுத்தில் இல்லாததை அவருடைய காது கண்டுகொள்ளும்.

கருவிப் பட்டியல்களுக்கும் ஓர் எல்லை உண்டு. அவற்றில் கருவியின் பெயரும் வாசித்தவரின் பெயரும் மட்டுமே இருக்கும். உலவைக் கடைந்த ஆசாரி, சீவாளி கட்டியவர், கற்றுக்கொடுத்த வித்துவான் ஆகியோருக்கு அங்கே இடமில்லை. நாகசுரம் செய்யும் குடும்பங்கள் இன்று சிலவே. அவர்களின் பணியும் கற்பித்தவர்களின் பெயர்களும் தஞ்சைப் பகுதியிலும் மலேசியாவிலும் வாய்மொழி நினைவுகளாக எஞ்சியிருக்கக்கூடும். அவை பதிவுசெய்யப்பட்டால் இவ்விசைத்தட்டுகளின் வரலாறு முழுமை பெறும்.