குஸ்கோவின் சூரிய விழா: அன்றும் இன்றும்

பெரு நாட்டில், ஆண்டீஸ் மலைத்தொடரில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குஸ்கோ. பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஊர் என்பதால் அங்கே ஜூன் மாதம்தான் நடுக்கும் குளிர்காலம். ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல் ஜூன் 21-ஐ ஒட்டி வருகிறது. வடக்கே விலகிப்போன சூரியன் மீண்டும் தங்கள் பக்கம் திரும்புவதை ஊர்கூடிக் கொண்டாடும் விழா, இன்டி ராய்மி.

அன்று குஸ்கோ, இன்கா பேரரசின் தலைநகர். அந்நாளைய விழாவைப் பற்றி விரிவாக எழுதிவைத்தவர் கார்சிலாசோ டெ லா வேகா. ஸ்பானியத் தந்தைக்கும் இன்கா குலத் தாய்க்கும் 1539-இல் குஸ்கோவில் பிறந்தவர். தாய்வழி உறவினர் சொல்லக் கேட்டதையெல்லாம் அவர் எழுதிய நூல் 1609-இல் வெளிவந்தது.

விழாவுக்கு முன் மூன்று நாள் நோன்பு. சமைக்காத வெள்ளைச் சோளமும் கொஞ்சம் கீரையும் தண்ணீரும்தான் உணவு. நகரில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. விடிவதற்கு முன் அரசரும் அவர் குலத்தாரும் செருப்பில்லாமல் பெரிய சதுக்கத்தில் கிழக்கு நோக்கிக் காத்திருப்பார்கள். கதிர் தெரிந்ததும் குந்தி அமர்ந்து, கைகளை விரித்து, காற்றை முத்தமிடுவார்கள். அரசர் இரண்டு பொற்கிண்ணங்களில் சிச்சா என்னும் சோள மதுவை ஏந்துவார். வலக்கைக் கிண்ணம் சூரியனுக்கு, இடக்கைக் கிண்ணம் உறவுகளுக்கு. பளபளப்பான குழிக்கிண்ணத்தில் வெயிலைக் குவித்துப் பஞ்சில் புதுத் தீ மூட்டுவார் பூசாரி. மாகாணத் தலைவர்களுக்கு இடம் அடுத்த சதுக்கத்தில்தான். யார் எங்கே நிற்பது என்பதைப் பிறப்பு தீர்மானித்த காலம் அது.

1533-இல் ஸ்பானியர் நகரைப் பிடித்தார்கள். சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவின் சுவர்கள் மேலேயே கிறித்தவ மடாலயம் எழுந்தது. 1572-இல் ஸ்பானிய ஆளுநர் டொலேடோ விழாவுக்குத் தடை போட்டார். மக்கள் கூடுவது மட்டும் நிற்கவில்லை. மறைந்த அரசர்களின் பதப்படுத்திய உடல்களைச் சுமந்துவந்த அதே பெரிய சதுக்கத்துக்கு, கார்ப்பஸ் கிறிஸ்டி என்னும் கிறித்தவத் திருநாளில் புனிதர்களின் சிலைகளைச் சுமந்து வந்தார்கள். இன்றும் வருகிறார்கள்.

1944-இல் குஸ்கோ அறிஞர்கள் முயன்று விழாவை மீட்டார்கள். உம்பெர்தோ விடால் உந்தா முன்னின்றார். ஃபாஸ்தினோ எஸ்பினோசா நவார்ரோ இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியில் வசனம் எழுதி, இன்கா மன்னராகவும் நடித்தார். அதுமுதல் ஜூன் 24 விழா நாள்.

இன்றைய விழாவில், காலையில் கொரிகாஞ்சாவின் புல்வெளியில் சங்கு முழங்கத் தொடங்கி, ஊர்வலம் நடுச் சதுக்கத்துக்கு வருகிறது. அங்கே மன்னர் வேடமிட்டவர், நகரின் இன்றைய மேயரை அழைத்து நல்லாட்சி பற்றி அறிவுரை சொல்கிறார். பிற்பகலில் சாக்சாய்வாமன் கோட்டைவெளியில் முக்கியச் சடங்கு. லாமா பலி வெறும் நடிப்பு. நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பங்கேற்கிறார்கள். சில வாரம் முன்பிருந்தே பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் சதுக்கத்தில் ஆடத் தொடங்கிவிடுகிறார்கள்.

கோட்டைவெளியில் போட்டிருக்கும் இருக்கைகளுக்குக் கட்டணம் அதிகம். அவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்குத்தான். உள்ளூர்க் குடும்பங்கள் சுற்றியுள்ள குன்றுச் சரிவுகளில் உட்கார்ந்து பார்க்கும். இது உருளைக்கிழங்கு அறுவடைக் காலமும்கூட. அங்கேயே மண்கட்டிகளைக் கூண்டுபோல் அடுக்கி, உள்ளே தீ மூட்டி, கட்டிகள் பழுக்கக் காய்ந்ததும் கிழங்கைப் போட்டுக் கூண்டை அதன்மேலேயே இடித்து மூடுவார்கள். வெந்ததும் மண்ணைத் தட்டிவிட்டுச் சுடச்சுடத் தின்பார்கள். பாட்டி முதல் பேரன்வரை ஒரே கிழங்குக் குவியலைச் சுற்றி உட்காரும் வழக்கம் அது.

சுற்றுலாவுக்கான நாடகம்தானே என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல நூற்றாண்டு இழிவாகப் பார்க்கப்பட்ட கெச்சுவா, 1975-இல்தான் பெருவின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது; அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே அதை நகரின் நடுவில் ஓங்கி ஒலிக்கச் செய்தது இந்த விழா. அன்று அரச குலத்துக்கு உரியதாக இருந்த சதுக்கம் இன்று ஊராருக்கு உரியது. வந்த மாற்றங்களில் இதுவே பெரிது. இருக்கைகளை விற்கட்டும், நகருக்கு வருமானம் வேண்டும்தான். ஆனால் குன்றுச் சரிவுகளில் குஸ்கோ மக்களுக்கு எந்நாளும் கட்டணமில்லா இடம் இருக்க வேண்டும். அவர்கள் கூடும்வரைதான் இது திருவிழா.