குறட்டை விடும் மாடும் குளத்து நத்தையும்

தொழுவத்து மாடு குறட்டை விடக் கேட்டால், சளி என்றோ முதுமை என்றோ எண்ணி நாம் வாளாவிருந்துவிடுகிறோம். அது நோயின் குரலாகவும் இருக்கலாம்.

மூக்குச் சிரைகளில் வாழும் ஒருவகைத் தட்டைப்புழுவால் வருவது இக்குறட்டை நோய். சென்னை மாகாணத்து மாடுகளில் அப்புழுவைக் கண்டு, 1933ஆம் ஆண்டில் விளக்கி எழுதியவர் எம்.ஏ.என். ராவ் என்னும் அறிஞர்.

மாட்டின் மூக்குச்சளியோடு புழுவின் முட்டைகள் குளத்தில் விழுகின்றன. பொரித்த இளம்புழு நத்தையின் உடலுள் புகுந்து பெருகுகிறது. பின்னர் வெளியேறி, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்செல்கிறது. நாளடைவில் மூக்கினுள் கழலைகள் எழுந்து மூச்சை அடைக்கின்றன. உழைக்கும் மாடு இளைக்கிறது. கறவை மாட்டின் பால் குறைகிறது. எருமைக்கும் இந்நோய் தொற்றும். ஆயினும் அறிகுறி பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

எனவே குறட்டை கேட்டதும் கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும். நத்தை மலிந்த குளத்தில் மாட்டை இறக்காது, கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பிக் காட்டுதல் நன்று. நத்தையைத் தின்னும் வாத்துகளை வளர்ப்பதும் துணைசெய்யும்.

ஒரு வீட்டு மாடு ஊர்க்குளத்தைக் கெடுக்கும். அக்குளம் ஊர் மாடுகளையெல்லாம் கெடுக்கும். ஆதலால் ஒருவர் மட்டும் விழித்தால் போதாது. ஊரே விழிக்க வேண்டும். கற்ற நாம் அதனை எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.